மேகத்துக்குள் போய் வந்தவர்களை இறக்கியவன்

வெர்னல் ஹோல்ட் விமானம் ஓட்டியதில்லை. ஓட்ட வேண்டும் என்று ஆசைப்பட்டதும் இல்லை. நெவாடா பாலைவனத்தில், இண்டியன் ஸ்பிரிங்ஸ் விமானத் தளத்தில் அவன் ஓட்டியதெல்லாம் ஒரு மஞ்சள் ஃபோர்க்லிஃப்ட். மற்ற இடங்களில் அந்த வண்டி மூட்டை தூக்கும், பெட்டி தூக்கும். இங்கே அது ஆளைத் தூக்கியது.

பொழுது விடிகிற நேரத்தில் வடக்கே மலைகளுக்கு அந்தப் பக்கம் அணுகுண்டு வெடிப்பார்கள். மேகம் எழுந்து, தலை விரித்து, கொஞ்சம் ஆறிய பிறகு தளத்திலிருந்து போர் விமானங்கள் ஒவ்வொன்றாகக் கிளம்பி அதற்குள் நுழையும். இறக்கை நுனிகளில் இருக்கும் தொட்டிகளில் வடிகட்டும் தாள் வைத்திருப்பார்கள். மேகத்தின் தூசி அதில் படியும். அந்தத் தூசியை ஆராய்ந்துதான் குண்டு எவ்வளவு நன்றாக வெடித்தது என்று விஞ்ஞானிகள் கண்டுபிடித்தார்கள். ஆனால் தாளில் படிகிற தூசி விமானத்தின் தோலிலும் படியாமல் இருக்குமா? திரும்பி வரும்போது விமானம் முழுவதும் கதிர்வீச்சு. விமானி வழக்கம்போல இறக்கையில் கால் வைத்து இறங்கினால் அதெல்லாம் அவர் மேல் அப்பிக்கொள்ளும். அதனால் அவர் விமானத்தின் வெளிப்புறத்தைத் தொடாமல், அப்படியே நிமிர்ந்து நின்று, எதிரே வந்து நிற்கும் ஒரு பலகைமேல் அடியெடுத்து வைக்க வேண்டும். அந்தப் பலகையை ஃபோர்க்லிஃப்டின் கரங்களில் ஏந்தி, விமானி அறைக்கு நேராகக் கொண்டுபோய் நிறுத்துவது வெர்னலின் வேலை.

அவன் பக்கத்து மாநிலமான யூட்டாவில், பெல்மெடோ என்ற சிற்றூரில் ஆடு வளர்க்கிற குடும்பத்தில் பிறந்தவன். அம்மா சீக்கிரம் போய்விட்டாள். அக்கா ஆர்டாதான் வளர்த்தாள். காபிகூடத் தொடாத மார்மன் சபைக் குடும்பம். ஆட்டு வாடையிலிருந்து தப்பித்தால் போதும் என்றுதான் அவன் விமானப்படையில் சேர்ந்தான். ஜப்பான், ஜெர்மனி என்று கனவு கண்டவனை வீட்டிலிருந்து அரை நாள் பயணத்தில் இருக்கிற இடத்துக்கு அனுப்பினார்கள். ஆர்டா கேட்டுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாளாம். உலகத்தைச் சுற்றப் போகிறேன் என்று கிளம்பியவன் பக்கத்துக் கொல்லையில் போய் நின்றுவிட்டான் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

ஆனால் வெர்னலுக்கு அந்த இடம் பிடித்துப்போனது. பிற்காலத்தில் அவன் எத்தனையோ ஊர்களில் இருந்தான், எத்தனையோ வேலை பார்த்தான். கண்ணை மூடினால் மனசு போய் நின்றதென்னவோ அந்த ஓடுதளத்தின் ஓரத்தில்தான். விடிகாலைக் குளிரில் எல்லோரும் வடக்கே முதுகைக் காட்டிக்கொண்டு, முழங்கையால் கண்ணை மூடிக்கொண்டு நிற்பார்கள். மூடிய கண்ணுக்குள்ளும் வெளிச்சம் வரும். திரும்பிப் பார்த்தால் மலைகளில் ஒவ்வொரு மடிப்பும் பகல்போலத் தெரியும். அதன் பிறகு நெடுநேரம் ஒன்றும் கேட்காது. அந்த இடைவெளியில் யாராவது ஒருவன் இருமுவான், யாராவது ஒருவன் மெதுவாக ஏதாவது கேலி பேசுவான். பிறகு சத்தம் வந்து நெஞ்சில் மோதும். மேகம் முதலில் ஊதாவும் செம்மண்ணும் கலந்த ஒரு நிறத்தில் கொதித்துக்கொண்டு ஏறும். வெயில் பட்டதும் வெளுக்கும். அதற்குள் சாப்பாட்டுக் கூடத்தில் பன்றி இறைச்சி வறுபடும் வாசனை வந்துவிடும்.

அங்கேதான் நியோலா இருந்தாள். நெடுஞ்சாலை ஓரத்தில் பெட்ரோல் பங்க் வைத்திருந்தவரின் மகள். தளத்தின் சமையலறையில் டோநட் பொரிக்கும் வேலை. முதல் தடவை அவன் காபி வேண்டாம் என்று சொன்னபோது அவள் ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "அணுகுண்டுக்குப் பக்கத்துல நிக்கறதுக்கு பயமில்லை, காபிக்குப் பயமா?" என்று கேட்டாள். அன்றைக்கே அவன் காபி குடித்தான். ஆர்டாவிடம் அதைச் சொல்ல அவனுக்கு ஒரு வருஷம் ஆனது.

பலகை வேலையில் அவசரம் கூடாது, தாமதமும் கூடாது. விமானம் குறித்த இடத்தில் நின்று எஞ்சின் ஓய்ந்ததும், முகமூடியும் கையுறையும் போட்டுக்கொண்டு வெர்னல் வண்டியை நகர்த்துவான். கொஞ்சம் இடித்தால் விமானம் சேதமாகும். கொஞ்சம் தள்ளி நிறுத்தினால் விமானி தாண்ட வேண்டியிருக்கும். அவர்கள் மேலே மாட்டியிருக்கும் ஈயக் கவசத்தின் கனத்தில் தாண்டுவதாவது. மேலதிகாரி சார்ஜென்ட் டெலுக்கா ஓரமாக நின்று ஓயாமல் கத்திக்கொண்டிருப்பார். கூடையில் முட்டை தூக்குகிற மாதிரி தூக்கு என்பார். விமானி இறங்கி ஒதுங்கிய பிறகு வேறு ஆட்கள் நீண்ட கழிகளோடு வந்து தாள்களை உருவி, ஈயக் குடுவைகளில் அடைத்து, காத்திருக்கும் இன்னொரு விமானத்தில் ஏற்றி லாஸ் அலமோஸ் ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புவார்கள். மேகத்துக்குப் போய் வந்த விமானத்தை மட்டும் தனியாக ஒரு மூலையில் விட்டுவிடுவார்கள். அதன் கதிர்வீச்சு தணிந்த பிறகுதான் கழுவுவார்கள்.

இறக்கிய விமானிகளில் வெர்னலுக்கு மிகவும் பிடித்தவர் கேப்டன் ராய்ஸ் மெக்கார்டு. ஓக்லஹோமாக்காரர். ஆறடிக்கு மேல் உயரம். அந்தச் சின்ன விமானி அறைக்குள் எப்படித்தான் மடங்கி உட்காருவாரோ. மற்றவர்கள் இறங்கும்போது முகம் வெளுத்திருக்கும், பேச மாட்டார்கள். இவர் பலகையில் கால் வைத்ததும் வெர்னலைப் பெரிய கடையில் மாடிக்கு மாடி சரக்கைச் சொல்லும் லிஃப்ட்காரனாக்கிவிடுவார். "தரைத்தளம்ப்பா. தொப்பி, கையுறை, வாசனை சோப்பு" என்பார். குளித்துக் குளித்து, கதிர்வீச்சு அளக்கும் கருவி டிக் டிக் என்பதை நிறுத்தும்வரை தேய்த்துவிட்டு, சிவந்துபோன தோலோடு சாப்பாட்டுக் கூடத்துக்கு வந்து வெர்னல் பக்கத்திலேயே உட்காருவார். அதிகாரிகளுக்குத் தனி மேசை இருந்தும் அப்படித்தான்.

உள்ளே எப்படி இருக்கும் என்று ஒருநாள் வெர்னல் கேட்டான்.

"செங்கல் சூளைக்குள்ள போன மாதிரி" என்றார் கேப்டன். "எல்லாம் ஆரஞ்சு நிறம். அதைப் பார்க்கலாம்னு நினைக்கறதுக்குள்ள முன்னாடி இருக்கற மீட்டர் முள்ளெல்லாம் ஒண்ணா எழுந்து நிக்கும். அப்புறம் எங்க வெளிய பார்க்கறது? முள்ளைப் பார்த்துக்கிட்டே விநாடியை எண்ண வேண்டியதுதான்."

"பயமா இருக்காதா சார்?"

"வெளிய வந்ததும் பயமா இருக்கும். உள்ள இருக்கறப்போ வேலை இருக்குல்ல."

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தைந்தாம் வருஷ வசந்தத்தில் வெர்னலுக்கும் நியோலாவுக்கும் கல்யாணம் நிச்சயமானது. நிச்சயம் செய்தது இருவரும்தான் என்றாலும் தேதியை முடிவு செய்தது காற்று. காற்று தெற்கே, லாஸ் வேகஸ் பக்கம் அடித்தால் சோதனையைத் தள்ளிப்போடுவார்கள். சோதனை நிலுவையில் இருந்தால் யாருக்கும் விடுப்பு கிடையாது. இரண்டு தடவை கல்யாணம் தள்ளிப்போனது. நியோலாவின் அப்பா, மாப்பிள்ளை வீட்டார் குண்டைச் சாக்குச் சொல்வதை இப்போதுதான் பார்க்கிறேன் என்றார். வெர்னல் தினமும் காலையில் எழுந்ததும் கம்பத்தில் ஆடும் காற்றுப் பையைப் பார்ப்பான். கிழக்கே திரும்பு, கிழக்கே திரும்பு என்று வேண்டிக்கொள்வான். கிழக்கே ஆட்கள் குறைவு என்று எல்லோரும் சொன்னார்கள். அந்தக் குறைவான ஆட்களுக்குள்தான் அவன் அக்காவும் அத்தானும் இருந்தார்கள். அப்போது அவனுக்கு அது உறைக்கவே இல்லை.

மூன்றாவது தடவை குறித்த தேதிக்கு முதல் நாள், வெள்ளிக்கிழமை, காற்று கிழக்கே திரும்பியது. விடியற்காலையில் வெடித்தார்கள். முற்பகலில் விமானங்கள் திரும்பின. மூன்றாவதாக வந்தது மெக்கார்டுடையது. சக்கரம் தரையைத் தொட்டபோது ஒன்றும் தவறாகத் தெரியவில்லை. ஆனால் பிரேக் பிடிக்கவில்லை. விமானம் ஓடுதளத்தைத் தாண்டி, புதர்களை நசுக்கிக்கொண்டு மணலில் இறங்கி, முன்சக்கரம் முறிந்து மூக்கைக் குத்திக்கொண்டு நின்றது.

வெர்னல் வண்டியைக் கிளப்பினான். ஓடுதளத்தின் முடிவுவரை போயிற்று. மணலில் இறங்கியதும் சக்கரம் சுழன்றதே தவிர நகரவில்லை. சக்கரத்துக்கு அடியில் போடப் பலகை கொண்டு வருகிறோம், நில் என்று டெலுக்கா பின்னால் கத்தினார். மேலே கண்ணாடிக் கூரை திறந்திருந்தது. கேப்டன் எழுந்து நிற்கப் பார்த்தார், முடியவில்லை, உட்கார்ந்துவிட்டார். அந்த இருக்கையில் இருக்கும் ஒவ்வொரு நிமிஷமும் கதிர்வீச்சு அவர் உடம்பில்தான் ஏறும் என்பது தளத்தில் பெருக்குகிறவனுக்குக்கூடத் தெரியும். வெர்னல் வண்டியை விட்டு இறங்கி நடந்தான். ஓடவில்லை. மணலில் ஓடினால் தூசி கிளம்பும் என்று சொல்லிக் கொடுத்திருந்தார்கள்.

மூக்கு தாழ்ந்திருந்ததால் விமானி அறையின் விளிம்பு அவன் தோளுக்குக் கொஞ்சம் மேலேதான் இருந்தது. கேப்டனின் முழங்கால் எதிலோ மோதி வீங்க ஆரம்பித்திருந்தது. அவன் விமானத்துக்கு முதுகைக் காட்டிக் குனிந்தான்.

"என் முதுகுல ஏறுங்க சார்."

"ஹோல்ட், கிட்ட வராதே. நான் முழுக்க அழுக்கு. உனக்கு நாளைக்குக் கல்யாணம்."

"அதனாலதான் சார் அவசரப்படுத்தறேன்."

கேப்டன் ஏறினார். ஈயக் கவசமும் அவரும் சேர்ந்து ஒரு கன்றுக்குட்டியின் கனம் இருந்தது. சின்ன வயசில் பனியில் சிக்கிய ஆடுகளைத் தோளில் போட்டுக்கொண்டு வந்த பழக்கம் அன்றைக்கு உதவியது. பாதி வழியில் மேல்மூச்சு வாங்கியபோது காதுக்குப் பக்கத்தில் குரல் கேட்டது. "நீ கட்டிக்கப் போறது நியோலாவையா, என்னையா? இப்பவே சொல்லிடு." வெர்னலுக்குச் சிரிப்பு வந்து கால் தடுமாறி, இருவரும் விழப்போனார்கள்.

அன்று மதியம் முழுக்க இருவரும் குளியலறையில் இருந்தார்கள். தேய்த்தார்கள், கருவி வைத்துப் பார்த்தார்கள், மறுபடியும் தேய்த்தார்கள். உடம்பு சுத்தமாகிவிட்டது. தலைமுடியில் மட்டும் டிக் டிக் நிற்கவில்லை. கடைசியில் ஒருவன் கத்தரியும் சவரக்கத்தியும் கொண்டுவந்து இருவரையும் மொட்டையடித்தான். அடுத்தடுத்த முக்காலிகளில் துண்டைச் சுற்றிக்கொண்டு, ஒருவர் தலையை ஒருவர் பார்த்து அவர்கள் சிரித்த சிரிப்பு வெளியே கேட்டதாம்.

சாயங்காலம் நியோலா அவனைப் பார்த்தாள். பிறகு கையை நீட்டி அவன் தலையைத் தடவினாள்.

"புருவத்தையாவது விட்டாங்களே" என்றாள்.

அவள் கை அவன் தலையை விட்டு நகரவில்லை. ஆனாலும் அவள் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள்.

ஆர்டாவும் அத்தான் லமாரும் இருட்டுவதற்குக் கொஞ்சம் முன்னால் வந்து சேர்ந்தார்கள். மடியில் ரொட்டித் தட்டுகள், பின்சீட்டில் ஆர்டா தைத்த மெத்தை விரிப்பு. மொட்டைத் தலையைப் பார்த்து ஆர்டா வாயடைத்து நிற்க, லமார் தன் கதையைச் சொல்ல ஆரம்பித்துவிட்டார். வழியில் சிப்பாய்கள் காரை நிறுத்தினார்களாம். ஏதோ கருவியை வைத்துப் பார்த்துவிட்டு, ஐயா கொஞ்சம் இறங்குங்கள் என்று சொல்லி, காரைச் சோப்புப் போட்டுப் பளபளவென்று கழுவிக் கொடுத்தார்களாம். ஒரு காசும் வாங்கவில்லை.

"பதினஞ்சு வருஷமா இந்தக் காரை நான்கூட இப்படிக் கழுவினதில்லை. வெர்ன், உன் கல்யாணத்துக்கு அரசாங்கமே சீர் செய்யுதுடா" என்றார் லமார்.

எல்லோரும் சிரித்தார்கள். வெர்னலும் சிரித்தான். மறுநாள் லாஸ் வேகஸில் ஒரு சின்ன தேவாலயத்தில், இரண்டு மொட்டைத் தலைகளுக்கு நடுவே நியோலா நின்றாள். ஒருவன் மாப்பிள்ளை. இன்னொருவர் கைத்தடியை ஊன்றிக்கொண்டு நின்ற தோழர். எது உன் மாப்பிள்ளை என்று பாதிரியார் விளையாட்டாகக் கேட்க, குட்டையாக இருப்பது என்றாள் அவள்.

அவனுடைய நல்ல காலம் என்றால் அதுதான். இன்னும் சில வருஷங்கள் நீடித்தது. பிறகு சோதனைகளை நிறுத்தினார்கள். மறுபடி தொடங்கியபோது கொஞ்ச காலத்தில் எல்லாம் பூமிக்கு அடியில் போய்விட்டது. மேகம் இல்லை என்றால் மேகத்துக்குள் போக விமானம் எதற்கு? விமானம் இல்லை என்றால் ஆளை இறக்க வெர்னல் எதற்கு? அவன் படையை விட்டு வந்து லாஸ் வேகஸில் ஒரு காய்கறிக் கிடங்கில் சேர்ந்தான். அங்கேயும் ஃபோர்க்லிஃப்ட்தான். கீரைப் பெட்டிகளை ஏற்றி இறக்கும்போது சில சமயம் தன்னை அறியாமல் மிக மெதுவாக, மிக நேராகக் கொண்டுபோய் வைப்பான். கூட இருந்தவர்கள் கிண்டல் செய்வார்கள். கோஸுக்குத் தலை சுற்றிவிடுமா என்பார்கள். இரண்டு மகள்கள் பிறந்தார்கள். ஒவ்வொரு நன்றி நாள் விருந்திலும் வான்கோழி வெட்டுவதற்கு முன்னால் அவன் தளத்துக் கதைகளில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும்.

அறுபத்தாறாம் வருஷம் லமார் போய்விட்டார். வயிற்றில் புற்று. ஐம்பது வயசைக்கூடத் தொடவில்லை. பெல்மெடோவில் அவருக்கு முன்னும் பின்னும் பலர் அப்படிப் போனார்கள். எதனால் என்று எந்த டாக்டரும் எழுதிக் கொடுக்கவில்லை. அடக்கம் முடிந்து வீட்டில் எல்லோரும் கூடியிருந்தபோது ஆளுக்கொரு நினைவைச் சொன்னார்கள். வெர்னல் முறை வந்தது. அத்தானைப் பற்றி அவனுக்குத் தெரிந்ததிலேயே இனிமையான கதை கார் கழுவிய கதைதான். லமாரின் குரலிலேயே சொன்னான். அரசாங்கமே சீர் செய்கிறது என்ற இடத்தில் சிலர் சிரிக்கவும் செய்தார்கள்.

ஆர்டா கையிலிருந்த தட்டை மேசையில் வைத்தாள்.

"அந்தக் காரை எதுக்குக் கழுவினாங்கன்னு நீ ஒரு நாளாவது யோசிச்சியா வெர்ன்?"

அவள் அவனுக்கு நேரே வந்து நின்றாள்.

"காரைக் கழுவினாங்க. உள்ள உட்கார்ந்திருந்தவரை யார் கழுவினா? உன்னைத் தேய்ச்சுத் தேய்ச்சுக் குளிப்பாட்டினாங்க, மொட்டையடிச்சாங்க. நாங்க அந்தத் தூசியிலதானே துணி காயப்போட்டோம், பால் கறந்தோம். எங்ககிட்ட ஒருத்தனாவது வந்து ஒரு வார்த்தை சொன்னானா? உனக்கு அது திருவிழா. இன்னும் அந்தத் திருவிழாவிலேயே நிக்கற."

அவன் எழுந்து வெளியே போய்க் காரில் உட்கார்ந்துகொண்டான். அக்காவும் தம்பியும் அதன் பிறகு சண்டை போடவில்லை. பேசவே இல்லை என்பதுதான் சரி. கிறிஸ்துமஸுக்கு வாழ்த்து அட்டை வரும், போகும். நியோலா மட்டும் வருஷத்துக்கு ஒருமுறை பெல்மெடோ போய் வருவாள். வெர்னல் தளத்துக் கதைகளை நிறுத்திவிட்டான். மகள்கள் கேட்டாலும், அதெல்லாம் மறந்துபோச்சு என்பான். மறக்கவில்லை. மறந்திருந்தால் அவனுக்கு நிம்மதியாக இருந்திருக்கும். காற்றுப் பையைப் பார்த்து வேண்டிக்கொண்ட காலைகளும் அதோடு சேர்ந்து நினைவுக்கு வந்தன. அந்த நாட்கள் நன்றாக இருந்தன என்பதும் உண்மை, அவற்றின் தூசி யார் தலையில் விழுந்தது என்பதும் உண்மை. இந்த இரண்டையும் ஒரே நெஞ்சில் எப்படி வைத்துக்கொள்வது என்று அவனுக்குத் தெரியவில்லை.

எண்பத்து மூன்று ஆகஸ்டில் ஒருநாள் மெக்கார்டு வந்து வாசலில் நின்றார். அந்த உயரம் கொஞ்சம் கூனியிருந்தது. ரத்தத்தில் ஏதோ கோளாறு, டாக்டர்கள் வாரத்துக்கு ஒரு பெயர் சொல்கிறார்கள் என்று தானே சொன்னார். இருக்கிற தெம்பில் பழைய ஆட்களை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு வரலாம் என்று கிளம்பியிருந்தார். அது பீச் பழக் காலம். மறுநாள் பெல்மெடோ போய் ஆர்டாவோடு சேர்ந்து பழங்களைப் பதப்படுத்திப் புட்டியில் அடைப்பதாக நியோலா ஏற்பாடு செய்திருந்தாள். கேப்டன் தானும் வருகிறேன் என்றார். வெர்னல் வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தான். நியோலா அவனை ஒரு பார்வை பார்த்தாள். அவனும் காரில் ஏறினான்.

ஆர்டா வந்தவர்களை உட்காரச் சொன்னாள். தம்பியைப் பார்த்துத் தலையசைத்தாள், அவ்வளவுதான். வெந்நீர்ப் பாத்திரம் கொதித்துக்கொண்டிருந்தது. கேப்டனிடம் ஒரு கத்தியும் ஒரு கூடைப் பழமும் தந்து தோல் உரிக்கச் சொன்னாள். சும்மா உட்கார்ந்திருக்கிற ஆண்பிள்ளையை அவள் சமையலறையில் சகித்ததே இல்லை. அவர் நாலைந்து பழம் உரித்தார். பிறகு ஆர்டா தலையை நிமிர்த்தாமலேயே கேட்டாள்.

"அந்த மேகத்துக்குள்ள போனவர் நீங்கதானே?"

"ஆமாம்மா. பல தடவை."

"வெளிய வந்ததும் அது எந்தப் பக்கம் போச்சுன்னு பார்த்தீங்களா?"

கேப்டன் உரித்துக்கொண்டிருந்த பழத்தைக் கீழே வைத்தார். ஏதாவது பூசி மெழுகுவார் என்று வெர்னல் எதிர்பார்த்தான். அப்படிச் சொல்ல அவருக்கு வயசும் மரியாதையும் இருந்தது.

"பார்த்தேன்" என்றார். "மேலேர்ந்து நல்லாவே தெரியும். பெரும்பாலும் கிழக்கேதான் போகும். இந்தப் பக்கம். வயல் தெரியும், வீட்டுக் கூரையெல்லாம் தெரியும். நிழல் மாதிரி அதுக்கு மேல போகும். ரேடியோவுல சொல்லுவேன். கீழே எழுதிக்குவாங்க. அதுக்கப்புறம் என்ன செஞ்சாங்கன்னு நான் கேட்டதில்லை. கேட்டிருக்கணும்."

கொஞ்சம் பொறுத்து, "பார்க்க அழகா இருந்துச்சு. அதையும் மறைக்க மாட்டேன்" என்றார்.

ஆர்டா முதுகைத் திருப்பிக்கொண்டு அடுப்பைத் தணித்தாள். அவள் தோள்கள் அசைந்தன. வெர்னல் எழுந்திருக்கப் போனான். நியோலா அவன் கையைப் பிடித்து அமர்த்தினாள். ஆர்டா இடுப்பில் கட்டியிருந்த சமையல் துணியில் முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பி வந்து உட்கார்ந்தாள்.

"எத்தனையோ பேர் வந்தாங்க" என்றாள். "கோட்டு சூட்டு போட்டவங்க, படிச்சவங்க. இங்க ஒண்ணும் விழலைன்னே சொன்னாங்க. பார்த்தேன்னு சொன்ன முதல் ஆள் நீங்கதான்." பிறகு அவர் முன்னால் இருந்த கூடையைப் பார்த்தாள். "தோலோட பாதிப் பழத்தையும் சீவறீங்க. மெல்லிசா உரிங்க."

மத்தியானம் அவர்கள் ரொட்டியும் ஆட்டிறைச்சியும் சாப்பிட்டார்கள். கேப்டன் களைத்துப்போய் லமாரின் பழைய நாற்காலியிலேயே கண்ணயர்ந்தார். வேறு யாரையும் அதில் உட்கார விடாத ஆர்டா, சத்தம் போடாமல் ஜன்னல் திரையை இழுத்துவிட்டாள்.

கேப்டன் அடுத்த வசந்தத்துக்குள் இறந்துபோனார். ஆல்புகர்க்கியில் நடந்த அடக்கத்துக்கு வெர்னலும் நியோலாவும் போனார்கள். ஆர்டா வரவில்லை. ஆனால் கேப்டனின் மனைவியிடம் கொடுக்கச் சொல்லி ஒரு பெட்டி பீச் புட்டிகள் அனுப்பினாள். அவர்கள் இருவரும் திரும்பி வருகிற வழியில் நேரே வீட்டுக்குப் போகாமல், வெகுதூரம் சுற்றிக்கொண்டு பெல்மெடோவுக்குக் காரைத் திருப்பினார்கள்.

ஆர்டா வேலிக்கு வண்ணம் அடித்துக்கொண்டிருந்தாள். வெர்னல் கோட்டைக் கழற்றி வைத்துவிட்டு இன்னொரு தூரிகையை எடுத்துக்கொண்டான். இருவரும் வேலியின் இரண்டு பக்கமும் நின்று அடித்தார்கள். அடக்கத்தைப் பற்றி அவள் விசாரித்தாள். யார் யார் வந்தார்கள், பெண்டாட்டி எப்படி இருக்கிறாள், பிள்ளைகள் அழுதார்களா என்று கேட்டாள். எல்லாம் சொன்னான். பேச்சு ஓய்ந்து கொஞ்ச தூரம் போன பிறகு அவள் கேட்டாள்.

"அந்த இடத்துல காலையில சாப்பாடு நல்லா இருக்குமா வெர்ன்?"

அவன் தூரிகையை நிறுத்தி அவளைப் பார்த்தான். கேலி இல்லை. கோபமும் இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

"டோநட் நல்லா இருக்கும்" என்றான். "மத்ததெல்லாம் வாயில வைக்க முடியாது."

"அதான பார்த்தேன். அவளைக் கட்டிக்கிட்டதுக்கு வேற காரணம் இருக்காதுன்னு எனக்கு அப்பவே தெரியும்" என்றாள் ஆர்டா.

அவன் பேச ஆரம்பித்தான். மொட்டையைப் பற்றியோ மேகத்தைப் பற்றியோ இல்லை. டெலுக்காவின் தொண்டையைப் பற்றி, தண்ணீர் தெளித்ததும் ஈரச் சிமெண்டிலிருந்தும் புதர்களிலிருந்தும் எழும் வாசனையைப் பற்றி, சமையலறைக்குள் புகுந்து மாவு மூட்டையில் தூங்கிய ஒரு பாலைவன ஆமையைப் பற்றிச் சொன்னான். ஆமைக்கு அவள் சத்தமாகவே சிரித்தாள். மேற்கே வெயில் சாய்ந்தபோது இன்னும் வேலி பாக்கி இருந்தது. நாளைக்கு முடித்துக்கொள்ளலாம், ராத்திரி இங்கேயே தங்குங்கள் என்றாள் ஆர்டா. தூரிகைகளைக் கழுவ அவன் வீட்டுக்குப் பின்னால் போனான்.